கண்ணில் பட்ட நகக்கீறலுக்கு ஏன் வடு விழவில்லை? எபிதீலியத் திசு பற்றி ஓர் இழை

நிலாமுற்றம் எழுதியது:

வணக்கம். போன வாரம் என் ஒன்றரை வயது மகள் தூக்கத்தில் கையை வீசியபோது அவள் நகம் என் வலது கண்ணில் கீறிவிட்டது. கண்ணைத் திறக்கவே முடியவில்லை. தாரை தாரையாக நீர், உள்ளே மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தல். கண் மருத்துவர் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சொட்டு விட்டு, நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கருவிழியின் நடுவில் பச்சையாக ஒரு கோடு மின்னியது. அதைப் படமெடுத்து எனக்கும் காட்டினார். "எபிதீலியம் மட்டும்தான் உரிஞ்சிருக்கு, அதுக்குக் கீழ போகல. வடு விழாது" என்றார். கிருமி தாக்காமல் இருக்கச் சொட்டு மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் காலையில் வலியே இல்லை.

பத்து வயதில் முழங்காலில் வாங்கிய காயத்தின் தழும்பு இருபத்தைந்து வருடமாக அப்படியே இருக்கிறது. கண்ணில் பட்டதோ மூன்று நாளில் தடம் தெரியாமல் போய்விட்டது. ஏன் இப்படி? எபிதீலியம் என்றால் பள்ளியில் "தட்டை, கனசதுரம், தூண்" என்று மனப்பாடம் செய்தது மட்டும்தான் நினைவில் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆய்வுக்கூடத்தான் எழுதியது:

நல்ல கேள்வி தோழி. நான் பதினான்கு வருடமாகத் திசு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பயாப்ஸிக்கு வரும் துண்டுகளை மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் சீவி, சாயம் ஏற்றி ஸ்லைடாக்கிக் கொடுப்பது என் வேலை. தினமும் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்.

உடம்பின் வெளிப்பரப்பையும் உள்ளுறுப்புகளின் உட்பரப்பையும் மூடியிருக்கும் செல் போர்வைதான் எபிதீலியம். உங்கள் மருத்துவர் சொன்னதில் முக்கியமான சொல் "கீழே" என்பதுதான். கார்னியாவின், அதாவது கருவிழியின், எபிதீலியம் ஐந்து முதல் ஏழு அடுக்கு செல்கள். எல்லா அடுக்கும் சேர்த்துச் சுமார் 50 மைக்ரோமீட்டர், கிட்டத்தட்ட ஒரு மெல்லிய தலைமுடியின் தடிமன். அதற்கு அடியில் அடித்தளச் சவ்வு என்று ஒன்று உண்டு. அது செல் இல்லை. லாமினின், நான்காம் வகைக் கொலாஜன் போன்ற புரதங்களைப் பின்னிச் செய்த, மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத மெல்லிய விரிப்பு. உடம்பில் எபிதீலியம் எங்கே இருந்தாலும் அது இந்த விரிப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். விரிப்புக்குக் கீழே இணைப்புத் திசு, இரத்தக்குழாய், எல்லாம்.

அந்த ஆரஞ்சுச் சாயத்தின் பெயர் ஃபுளோரசீன். செல்கள் இறுக்கமாக ஒட்டியிருக்கும் இடத்தில் அது உள்ளே இறங்காது. எபிதீலியம் பெயர்ந்த இடத்தில் மட்டும் ஊறி, நீல ஒளியில் பச்சையாக மின்னும். நீங்கள் பார்த்த கோடு, வேலியில் விழுந்த ஓட்டை. வேலி திறந்திருக்கும்போது கிருமி நுழையலாம் என்பதால்தான் சொட்டு மருந்து.

ஓட்டை விழுந்த சில மணி நேரத்திலேயே ஓரத்தில் இருக்கும் செல்கள் தட்டையாகி, முன்பக்கம் கால் நீட்டி நகர ஆரம்பித்துவிடும். முதலில் மூட வேண்டும், பெருகுவது அப்புறம். கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்பில் இருக்கும் ஸ்டெம் செல்கள் புதிய செல்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். கீழே விரிப்பு முழுசாக இருந்ததால் வந்த செல்களுக்குப் பாதை தெரிந்தது, பழைய ஒழுங்கிலேயே அடுக்கிக்கொண்டன. உங்கள் முழங்கால் காயம் விரிப்பைக் கிழித்து அடித்தோலுக்குள் போயிருக்கும். அங்கே நார்ச்செல்கள் வந்து அவசர அவசரமாகக் கொலாஜனைக் கொட்டி அடைத்துவிட்டன. அந்த ஒட்டுதான் தழும்பு.

சவ்வுக்கு மேலே நடந்தால் ஒரு கதை, கீழே இறங்கினால் வேறு கதை. எங்கள் வேலையில் பாதி இதைப் பார்ப்பதுதான்.

பாடக்குறிப்பு எழுதியது:

அண்ணா, நான் உயிரியல் மாணவன். எபிதீலியத்தில் இரத்தக்குழாய் கிடையாது என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் இத்தனை வேகமாகப் பெருகும் செல்களுக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது?

ஆய்வுக்கூடத்தான் எழுதியது:

கீழே இருக்கும் இணைப்புத் திசுவிலிருந்து அடித்தளச் சவ்வு வழியாகக் கசிந்து வருகிறது தம்பி. கார்னியாவில் எபிதீலியத்துக்கு அடியிலும் இரத்தக்குழாய் இல்லை, இருந்தால் பார்வை மறையும். அதனால் ஆக்சிஜனைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். தோலில் அடிவரிசைச் செல்கள் மட்டும் நன்றாகச் சாப்பிட்டுப் பெருகும். அவை மேலே தள்ளப்படத் தள்ளப்பட உள்ளே கெரட்டின் என்ற புரதம் நிறைந்து, உட்கரு மறைந்து, கடைசியில் செத்த செதிலாக உதிரும். அந்தப் பயணம் ஏறக்குறைய ஒரு மாதம். சிறுகுடலில் இன்னும் வேகம். குடலின் உள்சுவரில் விரல் போல நீட்டியிருக்கும் குடலுறிஞ்சியின் அடிக்குழியில் பிறக்கும் செல் மூன்று முதல் ஐந்து நாளில் உச்சிக்குப் போய் உதிர்ந்துவிடும். இன்றைக்கு உங்கள் குடலின் உள்பக்கத்தை மூடியிருக்கும் செல்களில் பெரும்பாலானவை போன வாரம் பிறந்தே இருக்கவில்லை.

பாடக்குறிப்பு எழுதியது:

அந்தக் கடைசி வரியை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். குடல் என்றதும் ஒன்று. அதை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். சரிதானா?

வழிப்போக்கன் எழுதியது:

பல வருடமாகப் புத்தகங்களில் அப்படித்தான் இருந்தது. 2014இல் ஹெலாண்டர், ஃபான்ட்ரிக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் திசு மாதிரிகளை நுண்ணோக்கியில் அளந்து மறுபடி கணக்குப் போட்டார்கள். மடிப்பு, குடலுறிஞ்சி, செல்களின் மேல் நீட்டியிருக்கும் நுண்ணுறிஞ்சி எல்லாம் சேர்த்து முழுச் செரிமானப் பாதைக்கும் சுமார் 32 சதுர மீட்டர்தான் வந்தது. பாட்மின்டன் மைதானத்தில் பாதி கூட வராது. அதுவே பெரிய விஷயம். நம் தோலின் பரப்பு 2 சதுர மீட்டருக்குள்தானே!

நுண்ணுறிஞ்சிகளின் சவ்வில் உட்கார்ந்திருக்கும் ஒரு புரதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்பிலுள்ள இரண்டு சோடியம் அயனிகளோடு ஒரு குளுக்கோஸை ஜோடி சேர்த்து உள்ளே இழுக்கும். கூடவே தண்ணீரும் போகும். காலரா நச்சு குடல் எபிதீலியத்தை அழிப்பதில்லை. உப்பையும் நீரையும் வெளியே கொட்ட வைக்கிறது, அவ்வளவுதான். இந்த ஜோடி வாசல் அப்போதும் திறந்தே இருக்கும். உப்பு சர்க்கரைக் கரைசல் உயிரைக் காப்பாற்றுவது இதனால்தான். உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய அளவில் லிட்டருக்குக் குளுக்கோஸ் 75 மில்லிமோல், சோடியமும் 75. வெறும் உப்போ வெறும் சர்க்கரையோ போதாது, இரண்டும் ஜோடியாக வேண்டும். எல்லா வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய அறிவியல் இது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மூச்சுக்காற்று எழுதியது:

இழையை இப்போதுதான் பார்த்தேன். நான் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். "தட்டை, கனசதுரம்" என்று மனப்பாடம் செய்ததை நிலாமுற்றம் எழுதியிருந்தார். எனக்கு அந்த இரண்டு சொல்லும் வெறும் பாடம் இல்லை. எங்கள் குழந்தைகள் பிழைப்பதே அந்த இரண்டு செல்களை நம்பித்தான்.

நுரையீரலின் காற்று நுண்ணறைகள் கோடிக்கணக்கில் உண்டு, முப்பது கோடிக்கும் மேல். அவற்றின் உள்சுவரில் இரண்டு வகை எபிதீலியச் செல்கள். முதல் வகை அப்பளம் போல் தட்டை. பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை அதுவே மூடிவிடும். அதன் அடித்தளச் சவ்வும் பக்கத்து இரத்த நுண்குழாயின் அடித்தளச் சவ்வும் பல இடங்களில் ஒன்றாகவே ஒட்டிப்போயிருக்கும். காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவர் மொத்தமும் அரை மைக்ரோமீட்டர் அளவுதான். தட்டையாக இருப்பதற்குக் காரணம் அது. ஆக்சிஜன் கடக்க வேண்டிய தூரம் குறைய வேண்டும்.

இரண்டாம் வகை கனசதுரம். பரப்பில் கொஞ்சமே மூடும், ஆனால் எண்ணிக்கையில் அதிகம். இது பரப்பு இழுவிசையைக் குறைக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருளைச் சுரக்கும். அது இல்லையென்றால் ஒவ்வொரு மூச்சு விடும்போதும் நுண்ணறைகள் ஈரக்காகிதம் போல் ஒட்டிக்கொள்ளும். சுரப்பதற்கு உள்ளே நிறைய உறுப்புகள் வேண்டும், இடம் வேண்டும், அதனால் இந்தச் செல் தட்டையாக இருக்க முடியாது. சீக்கிரம் பிறந்துவிடும் குழந்தைக்கு இந்தக் கனசதுரச் செல்கள் தயாராகியிருக்காது. நெஞ்சு உள்ளே குழிந்து குழிந்து மூச்சு வாங்கும்.

இந்தத் திணறலுக்குக் காரணம் சர்ஃபாக்டன்ட் குறைவுதான் என்று மேரி எலன் ஏவரியும் ஜெர் மீடும் 1959இல் காட்டினார்கள். ஆனாலும் மருந்து வர இருபது வருடத்துக்கு மேல் ஆனது. 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னால் பிறந்து, இதே நோயில் 39 மணி நேரத்தில் இறந்தான். 1980இல் ஜப்பானில் ஃபுஜிவாரா குழுவினர் மாட்டு நுரையீரலிலிருந்து தயாரித்த சர்ஃபாக்டன்டைப் பத்துக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இப்போது நாங்கள் அதே வகை மருந்தைக் குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் மெதுவாகச் செலுத்துகிறோம். திரையில் ஆக்சிஜன் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். எத்தனை முறை பார்த்தாலும் கண் கலங்கும்.

நிலாமுற்றம் எழுதியது:

படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன் சகோதரி. பள்ளியில் யாராவது இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் வடிவங்களை மனப்பாடம் செய்ய வேண்டியே இருந்திருக்காது. வேலையைச் சொன்னால் வடிவம் தானாக வந்துவிடுகிறது.

பாடக்குறிப்பு எழுதியது:

அந்த மூன்று வடிவமே முழு உண்மை இல்லை போலிருக்கிறது. வளைந்த பரப்பில் எபிதீலியச் செல்கள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும்போது, மேல்பக்கம் ஐந்து மூலை, கீழ்ப்பக்கம் ஆறு மூலை, நடுவில் ஒரு கிளை என்று விநோதமான வடிவம் எடுக்கின்றன. 2018இல் அதைக் கண்டுபிடித்தவர்கள் ஸ்கூட்டாய்டு என்று பெயர் வைத்தார்கள். எங்கள் புத்தகத்தில் இன்னும் வரவில்லை.

சொல்தேடி எழுதியது:

பெயர் என்றதும் வந்துவிட்டேன். எபிதீலியம் என்ற சொல்லை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியவர் டச்சு உடற்கூறு அறிஞர் ஃபிரெடெரிக் ராய்ஷ். கிரேக்கத்தில் எபி என்றால் மேல், தீலே என்றால் முலைக்காம்பு. உதட்டின் உள்ளே சின்னச் சின்ன மொட்டுகளை மூடியிருந்த மெல்லிய தோலுக்கு அவர் வைத்த பெயர், அப்புறம் உடம்பு முழுக்கப் பரவிவிட்டது. அந்தச் சொல்லில் இன்றைய பொருள் எதுவும் இல்லை.

இலங்கைப் பாடநூல்களில் இதை மேலணி இழையம் என்பார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். மேலே அணிந்திருப்பது. "புறத்திசு" என்று சிலர் எழுதுகிறார்கள், அது எனக்கு ஒப்பவில்லை. குடலின் உள்ளும், சிறுநீரகக் குழலுக்குள்ளும், இரத்தக்குழாயின் உட்சுவரிலும் இருப்பதைப் புறம் என்று எப்படிச் சொல்வது?

ஆய்வுக்கூடத்தான் எழுதியது:

மேலணி அழகான சொல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுரப்பிகளும் எபிதீலியம்தானே ஐயா? வியர்வைச் சுரப்பி, உமிழ்நீர்ச் சுரப்பி எல்லாம் மேல்பரப்பு உள்ளே மடிந்து இறங்கி உருவானவை. தைராய்டு கருவில் நாக்கின் அடியிலிருந்து இறங்கி, பிறகு தொடர்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அவை எதற்கும் மேலணியாக இல்லை. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் எபிதீலியம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

சொல்தேடி எழுதியது:

சுரப்பி பற்றிச் சொன்னது சரி. இருந்தாலும் மேலணியை விட மனமில்லை.

கரையோரம் எழுதியது:

இழைக்குச் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை, மன்னிக்கவும். என் அப்பாவுக்குப் பல வருடமாக நெஞ்செரிச்சல். எண்டோஸ்கோப்பி செய்து உணவுக்குழாயிலிருந்து துண்டு எடுத்தார்கள். அறிக்கையில் "பேரட் உணவுக்குழாய், தூண் எபிதீலியம், கோப்பைச் செல்கள் உள்ளன, டிஸ்பிளேசியா இல்லை" என்று இருக்கிறது. இது புற்றுநோயா? இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.

ஆய்வுக்கூடத்தான் எழுதியது:

இல்லை. முதலில் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எழுதிய வரிகளின்படி அது புற்றுநோய் இல்லை.

உணவுக்குழாயின் உள்பக்கம் பல அடுக்குத் தட்டை எபிதீலியம். உணவு உரசிக்கொண்டு போகும் இடம், தேய்ந்தால் அடுத்த அடுக்கு வரும். ஆனால் அமிலத்தைத் தாங்காது. இரைப்பை அமிலம் வருடக்கணக்கில் மேலே ஏறிக்கொண்டே இருந்தால், அந்த இடத்தில் குடலில் இருப்பது போன்ற தூண் செல்களும் கோழை சுரக்கும் கோப்பைச் செல்களும் வந்து குடியேறும். இதைத்தான் பேரட் உணவுக்குழாய் என்கிறார்கள். ஒரு வகை எபிதீலியம் இன்னொரு வகையாக மாறுவதற்கு மெட்டாபிளேசியா என்று பெயர். புகைப்பவர்களின் மூச்சுக்குழாயிலும் இதே கதை. அங்கே கோழையை மேலே தள்ளும் குறுயிழைச் செல்கள் போய்த் தட்டைச் செல்கள் வரும். பிறகு கோழையை வெளியேற்ற இருமல் ஒன்றுதான் வழி.

உங்கள் அப்பாவின் அறிக்கையில் முக்கியமான சொற்கள் "டிஸ்பிளேசியா இல்லை". செல்கள் வகை மாறியிருக்கின்றன, ஆனால் ஒழுங்கு கெடவில்லை. பேரட் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை. ஆனால் மற்றவர்களைவிட வாய்ப்பு கூடுதல், அதனால் குறிப்பிட்ட இடைவெளியில் எண்டோஸ்கோப்பி செய்து பார்ப்பார்கள். எத்தனை வருடத்துக்கு ஒரு முறை என்பதை அவருடைய மருத்துவரிடமே கேளுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

இப்போது நான் முதலில் சொன்ன சவ்வுக்கு வருகிறேன். மனிதர்களுக்கு வரும் புற்றுநோய்களில் பத்தில் எட்டுக்கும் மேல் எபிதீலியத்தில் தொடங்குபவை. கார்சினோமா என்ற பெயர் இவற்றுக்குத்தான். ஓயாமல் பெருகும் செல்கள், வெளி உலகின் புகையும் வெயிலும் நச்சும் முதலில் படும் செல்கள், ஆச்சரியமில்லை. ஆனால் எபிதீலியத்துக்குள் இரத்தக்குழாயும் இல்லை, நிணநீர்க்குழாயும் இல்லை. அதனால் செல்கள் எவ்வளவு கெட்டுப்போனாலும், அடித்தளச் சவ்வைத் துளைக்காத வரை அவற்றுக்கு வேறு உறுப்புக்குப் போகப் பாதை கிடையாது. இந்த நிலைக்குக் கார்சினோமா இன் சிட்டு என்று பெயர், இருந்த இடத்திலேயே நிற்பது. முழுசாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் அத்தோடு முடிந்தது. கருப்பை வாய்க்குப் பாப் பரிசோதனை செய்வது, சவ்வைத் தாண்டும் முன்னாலேயே பிடிக்கத்தான். உதிரும் செல்களை வழித்தெடுத்து நோயைக் கண்டுபிடிக்கலாம் என்று மருத்துவர் பாப்பனிகோலா 1943இல் டிராட் என்ற மருத்துவருடன் சேர்ந்து புத்தகமாக எழுதினார். எபிதீலியம் உதிர்ந்துகொண்டே இருக்கிறது என்ற குணத்தையே மருத்துவம் பயன்படுத்திக்கொண்டது.

சந்தேகமான ஸ்லைடு வந்தால் எங்கள் மருத்துவர் இன்னும் ஆழமாகச் சீவித் தரச் சொல்வார். ஒரு பிளாக்கிலிருந்து பத்து, பதினைந்து சீவல் கூடப் போகும். சவ்வு எங்காவது உடைந்திருக்கிறதா என்று ஓரம் ஓரமாகப் பார்ப்பார். அந்த நேரத்தில் நாங்கள் யாரும் அவரைக் கூப்பிட மாட்டோம்.

கரையோரம் எழுதியது:

கோடி நன்றி அண்ணா. இதை அப்படியே அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றுதான், "அப்ப சவ்வு உடையலையா?" உடையவில்லை என்றேன். அடுத்த பரிசோதனைக்குத் தேதி வாங்கிவிட்டோம்.

பாடக்குறிப்பு எழுதியது:

அந்தச் சவ்வோடு செல்கள் எப்படி ஒட்டியிருக்கின்றன என்று தேடிப் படித்தேன். அடிவரிசைச் செல்களுக்குக் கீழே ஹெமிடெஸ்மோசோம் என்ற கொக்கிகள் உண்டு. அவை லாமினின் வழியாகச் சவ்வைப் பிடித்துக்கொள்கின்றன. அந்த லாமினினை உருவாக்கும் மரபணு கெட்டுப் பிறந்த குழந்தைகளுக்கு லேசாக உரசினாலே தோல் கொப்புளித்து உரிந்துவிடும். ஜெர்மனியில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அப்படி உடலின் பெரும்பகுதியில் தோல் போய்விட்டது. இத்தாலியின் மிகேலே டி லூக்கா குழுவினர் அவனுடைய தோல் செல்களிலேயே மரபணுவைத் திருத்தி, ஆய்வகத்தில் விரிப்பு விரிப்பாக வளர்த்து, உடலின் 80 விழுக்காட்டுக்கு ஒட்டினார்கள். 2017இல் வெளியானது. பையன் பள்ளிக்குத் திரும்பினான் என்று படித்தபோது நூலகத்தில் உட்கார்ந்தே அழுதுவிட்டேன்.

நிலாமுற்றம் எழுதியது (ஏழு வாரம் கழித்து):

மறுபடி வந்திருக்கிறேன். நேற்று அதிகாலை கண்ணைத் திறந்தேன், அதே வலி, அதே வலது கண். யாரும் கீறவில்லை, எதுவும் விழவில்லை. மருத்துவர் சாயம் விட்டுப் பார்த்தார். பழைய இடத்திலேயே எபிதீலியம் பெயர்ந்திருக்கிறது. "மேல மூடிடுச்சு, ஆனா அடியில இன்னும் பிடிக்கல" என்றார். பாடக்குறிப்பு எழுதிய கொக்கிகள் சட்டென்று நினைவுக்கு வந்தன. அதைச் சொன்னதும் மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார்!

மூடுவதற்கு மூன்று நாள் போதுமாம். கொக்கிகள் சவ்வில் உறுதியாக மாட்டிக்கொள்ள வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகுமாம். நகக்கீறலுக்குப் பிறகு இப்படித் திரும்ப வருவது அவர்கள் அடிக்கடி பார்ப்பதுதானாம். தூக்கத்தில் கண்ணீர் குறைந்து இமை ஒட்டிக்கொள்கிறது, காலையில் கண்ணைத் திறக்கும்போது சரியாகப் பிடிக்காத செல்களை இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. இரவில் போட வழவழப்பான களிம்பு கொடுத்திருக்கிறார், சில மாதங்களுக்கு விடாமல் போட வேண்டும். எழுந்ததும் கண்ணைத் திறக்கும் முன் மூடிய இமைக்குள்ளேயே விழியை மெதுவாக அசைத்துவிட்டுத் திறக்கச் சொன்னார்.

ஆய்வுக்கூடத்தான் எழுதியது:

களிம்பை வலி நின்றதும் நிறுத்திவிடாதீர்கள் தோழி. வலி நிற்பது மேலே மூடியதற்கு அடையாளம் மட்டும்தான். மகள் நகத்தையும் வாரம் ஒரு முறை வெட்டிவிடுங்கள்.

நிலாமுற்றம் எழுதியது:

வெட்டிவிட்டேன் அண்ணா. இரண்டு கையிலும், பத்து விரலும்.